வழக்காடும் பாடல்கள்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 11

முதுகலை முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் ஆங்கிலச் சமயக் கவிதை, படைப்பெழுத்து ஆகிய இரண்டு தாள்களையும் சிஸ்டரே நடத்துகிறார். காலை வழிபாடு முடிந்ததும் நேராக வகுப்புக்கு வரும் அவர், வழிபாட்டில் பேசிய குரலை வாசலிலேயே விட்டுவிட்டு, கவிதையை அச்சடித்த தாளைத் தவிர வேறெதையும் மேசைமேல் வைக்காமல் தொடங்குவார்.

இன்று ஆங்கிலக் கவிஞர் மில்டனின் பத்தொன்பதாம் சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை. 1652ஆம் ஆண்டு வாக்கில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, மில்டனுக்குப் பார்வை முற்றிலும் போய்விட்டது. அந்த இழப்பைப் பற்றிய இக்கவிதை 1673இல்தான் அச்சேறியது. இன்று நாம் வழங்கும் தலைப்பு அவர் இட்டதன்று, அடுத்த நூற்றாண்டில் பதிப்பித்தவர் சூட்டியது. வெளிச்சத்தைத் தராத கடவுள் பகல் வேலையைக் கணக்குக் கேட்பாரா என்பதே அதில் எழும் கேள்வி. மத்தேயு நற்செய்தியில், எசமான் கொடுத்த ஒரே தாலந்தை (பழங்காலப் பண அளவு) மண்ணில் புதைத்து வைத்துத் தண்டனை பெற்ற ஊழியனின் கதை அக்கேள்விக்குப் பின்னால் நிற்கிறது.

இத்தாலிய மரபில் முதல் எட்டு வரிகள் சிக்கலைச் சொல்ல, பின்வரும் ஆறு வரிகள் மறுமொழி தரும். மில்டனோ எட்டாம் வரியின் நடுவிலேயே பொறுமையைப் பேச வைத்துவிடுகிறார். முணுமுணுப்பு முழுதாக வெளிவருவதற்குள் அதன் வாயை அடைப்பதற்காகவே பொறுமை முந்திக்கொள்கிறது என்று சிஸ்டர் விளக்கினார். நின்று காத்திருப்பவர்களும் தொண்டர்களே என்ற அந்தப் புகழ்பெற்ற முடிவு எனக்கு நிறைவளிக்கவில்லை. இன்னும் இரண்டு வரிகள் கோபப்பட அவரை விட்டிருக்கலாம் என்று வகுப்பில் சொன்னேன். “அப்படிக் கோபப்பட விட்ட கவிதை ஒன்றைக் கொண்டு வாம்மா” என்றார் சிஸ்டர். பருவக் கட்டுரைக்கான தலைப்பு இப்படித்தான் என் கைக்கு வந்தது.

பிப்ரவரி 15

கல்லூரி நாட்களில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா வீட்டில் தங்கியிருக்கிறேன். தாத்தா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெரியாது, தேவாரம் தெரியும். மில்டனின் கேள்வியைத் தமிழில் சொன்னதும், கொஞ்சமும் யோசிக்காமல் சுந்தரரின் திருவாரூர்ப் பதிகத்தைப் பாடத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பதிகத்தைச் சுகவனேஸ்வரர் கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்டிருக்கிறேன் என்றாலும், அதைத் திட்டாகக் கேட்டது இன்றுதான். மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைக் கடந்ததால் கண்ணிழந்த சுந்தரர், காஞ்சியில் இடக்கண்ணை மட்டும் பெற்று, திருவாரூரில் மற்றக் கண்ணைக் கேட்டுப் பாடியது அது. கெஞ்சல் அதில் மிகக் குறைவு. “எற்றுக்கு அடிகேள் என் கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்” என்று குற்றத்தை இறைவன் பக்கமே தள்ளிவிட்டு, மற்றக் கண்ணைத் தராவிட்டால் “வாழ்ந்து போதீரே” என்று முடிக்கிறார். நீராவது நன்றாக இருந்துவிட்டுப் போம் என்று நம் வீடுகளில் மனம் கசந்த பெரியவர்கள் சொல்வதும் இதே தொனியில்தான்.

மில்டன் எட்டாம் வரியில் அடக்கிய முணுமுணுப்பைச் சுந்தரர் பாட்டுக்குப் பாட்டு இழுத்துக்கொண்டு போகிறார். ஆனால் முதல் பாட்டின் முதல் சொற்களைக் கவனிக்க வேண்டும். “மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே” என்று தம் நிலையை உறுதி செய்துகொண்ட பிறகே அவர் வழக்கைத் தொடங்குகிறார். முன்பின் தெரியாதவன் வந்து திட்டினால் அது வசை. திரும்பிப் போக வழியில்லாத அடிமை திட்டும்போது அதற்கு வேறு எடை வந்துவிடுகிறது. கட்டுரையின் மையம் இதுவாக இருக்கலாம்.

மார்ச் 1

ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் 1633ஆம் ஆண்டு இதே நாளில், நாற்பது வயது நிறையும் முன், இறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வப் பேச்சாளராக இருந்து அரசவை வரை செல்லக்கூடியவராகக் கருதப்பட்டவர், கடைசி மூன்றாண்டுகளைப் பெமர்ட்டன் என்ற சிற்றூரில் பங்குக் குருவாகக் கழித்தார். இறக்கும் தறுவாயில் தம் கையெழுத்துப் படியை நண்பர் நிக்கோலஸ் பெரராருக்கு அனுப்பி, துன்பப்படும் ஆன்மா எதற்காவது பயன்படும் என்று தோன்றினால் அச்சிடுக, இல்லையெனில் எரித்துவிடுக என்று சொல்லியனுப்பியதாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

அவர் எழுதிய ‘கழுத்துப்பட்டி’ என்ற கவிதை, ஒரு குரு மேசையை அறைந்து, இனி முடியாது, நான் வெளியே போகிறேன் என்று கத்துவதில் தொடங்குகிறது. மொத்தம் 36 வரிகள். ஒரு வரி நீளம், அடுத்தது குட்டை. எதுகை எங்கே விழும் என்று கணிக்க முடியாது. கடைசி நான்கு வரிகளில் மட்டும் எதுகைகள் ஒன்றுவிட்டு ஒன்று ஒழுங்காக வந்து அமர்கின்றன. அங்கேதான் ‘பிள்ளாய்’ என்று யாரோ அழைக்க, ‘ஆண்டவரே’ என்று இவர் பதில் சொல்லிவிடுகிறார்.

அந்த முடிவு மலிவானது என்று தோழிகள் சிலர் வாதிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பத்திரண்டு வரிகள் கலகம் செய்ய இடம் கொடுத்த பிறகு வரும் சமாதானம் அது. யாப்பே முதலில் சிதறிப் பிறகு திரும்பி வருவதால், கவிஞர் சமாதானத்தை வெறுமனே அறிவித்துவிட்டுப் போனார் என்று சொல்ல இடமில்லை. மில்டனை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

மார்ச் 5

சாம்பல் புதன், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள். நெற்றியில் சாம்பல் சிலுவையுடன் பாதி வகுப்பு. எனக்கும் அடுத்த இருக்கைத் தோழிக்கும் காலையில் பூசிய திருநீறு. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சிஸ்டர் இன்று கவிதையை விட்டுவிட்டு விவிலியத்தின் புலம்பல் பாடல்களைப் பற்றிப் பேசினார். திருப்பாடல்களில் கணிசமானவை முறையீடுகளே என்பதும், அவை ஏறக்குறைய எல்லாம் முடிவில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். எண்பத்தெட்டாம் பாடல் மட்டும் திரும்புவதில்லை. அது இருளிலேயே முடிகிறது. திருச்சபை அந்தப் பாடலை ஒதுக்காமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவு மன்றாட்டில் வைத்திருக்கிறது. “தூங்கப் போகுமுன் சொல்வதற்கு இதைத்தானா கொடுத்தார்கள் என்று நவதுறவியாக இருந்தபோது எனக்குக் கோபம் வந்தது” என்று சிஸ்டர் சிரித்தார். அந்தக் கோபம் எப்போது தீர்ந்தது என்று ஒருத்தி கேட்டதற்கு, தீர்ந்ததாக நான் சொல்லவில்லையே என்று மட்டும் பதில் வந்தது. ஒரு துறவி வகுப்பறையில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவார் என்று கல்லூரியில் சேரும்போது நான் எதிர்பார்த்ததில்லை.

மார்ச் 9

வார இறுதிக்கு ஏற்காடு வந்திருக்கிறேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் புத்தகத்தைத் திறக்க முடியாது என்பதால், படைப்பெழுத்துத் தாளுக்கு எதை எழுதலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆங்கிலத்தில் சொந்த அனுபவக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும்.

அப்பா காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். பேர்ப் பதிவும் சம்பளக் கணக்கும் அவர் கையில். கூடவே மழைப் பதிவேடும். எஸ்டேட்டுகளில் இன்னும் மழையை இன்ச், சென்ட் என்றே எழுதுகிறார்கள். நூறு சென்ட் ஓர் இன்ச். அராபிகாச் செடிக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும் பூ மழை உயிர் போன்றது. நல்ல மழை ஒன்று பெய்தால் எட்டுப் பத்து நாட்களில் மலைச்சரிவு முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போன்ற மணம் ஓரிரு நாட்கள் நிற்கும். போதாத தூறல் விழுந்தால் அது மழையே இல்லாததைவிடக் கேடு. விழித்த மொட்டு விரியவும் முடியாமல், திரும்ப உறங்கவும் முடியாமல் கெட்டுப்போகும். இதுவரை பதிவேட்டின் இந்த மாதப் பக்கத்தில் அப்பா எழுதியிருப்பதெல்லாம் சுழியம்தான்.

அந்தப் பதிவேட்டைப் பற்றியே எழுதப் போகிறேன்.

மார்ச் 17

ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸின் சானெட் ஒன்றை அது எழுதப்பட்ட தேதியிலேயே சிஸ்டர் வகுப்பில் வைத்தார்: 1889, மார்ச் 17. இயேசு சபையில் சேர்ந்த 1868ஆம் ஆண்டு தம் கவிதைகளை எரித்துவிட்டு, ஏழாண்டுகள் ஏறக்குறைய எதுவும் எழுதாமல் இருந்தவர் அவர். பின்னர் எழுதிய நெடுங்கவிதையைச் சபையின் இதழே வெளியிட மறுத்தது. கடைசி ஐந்தாண்டுகள் டப்ளினில் கிரேக்கப் பேராசிரியராக இருந்து, குவியல் குவியலாகத் தேர்வுத் தாள்களைத் திருத்தி நொந்துபோனார். இந்த இடத்தில் சிஸ்டர் எங்கள் தாள்க்கட்டைத் தூக்கிக் காட்டியதும் வகுப்பே சிரித்தது.

எரேமியா பன்னிரண்டாம் அதிகாரத்தை முன்வைத்துத் தொடங்கும் கவிதை அது. நீர் நீதியுள்ளவர், ஆனாலும் உம்மோடு வழக்காடுகிறேன்; பாவிகளின் வழி ஏன் செழிக்கிறது, நான் தொட்டதெல்லாம் ஏன் ஏமாற்றத்தில் முடிகிறது என்று கேட்கிறார். நண்பராக இருந்தே இப்படிச் செய்கிறீரே, பகைவராக இருந்தால் இதைவிட என்ன செய்துவிட முடியும் என்கிறார். அவ்வளவு கசப்பிலும் ‘ஐயா’ என்னும் மரியாதை விளி விடுபடவில்லை. ஆற்றங்கரை தழைக்கிறது, பறவைகள் கூடு கட்டுகின்றன, நான் எதையும் கட்டவில்லை என்று சொல்லி, என் வேர்களுக்கு மழை அனுப்பும் என்ற வேண்டுதலோடு நிறுத்திவிடுகிறார். மழை வந்ததா என்பது கவிதைக்குள் இல்லை. அதே ஆண்டு ஜூன் 8ஆம் தேதி டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது ஆண்டு 1918.

சுந்தரரின் “மூளாத் தீப்போல் உள்ளே கனன்று” என்ற வரியை இந்தக் கவிதைக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். தீ மூளாமல் உள்ளே கனல்வதும், மழையின்றி வேர் காய்வதும் வெவ்வேறு படிமங்கள்தான். ஆயினும் இரண்டிலும் பேசுபவர் வாசலைவிட்டு வெளியேறாமல் நின்றுகொண்டே சண்டையிடுகிறார். சிஸ்டர் அந்தத் தமிழ் வரியைத் தம் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

மார்ச் 25

கல்லூரியிலிருந்து கிறைஸ்ட் சர்ச்சுக்கு அழைத்துப் போனார்கள். சென்னையில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து, 1870களில் எழுந்த கோயில் அது. உள்ளே இருந்த குளிர்ச்சியைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 4

அனுபவக் கட்டுரையைப் பற்றிச் சிஸ்டருடன் நெடுநேரம் வாதம். பதிவேட்டின் நீல அட்டை, அப்பாவின் கையெழுத்து, மழைமானியிலிருந்து நீரை அளவுக் குழாயில் ஊற்றிக் கண் மட்டத்தில் பார்க்கும் விதம் ஆகியவற்றை முதலில் நிறுத்திவிட்டு, மழை தவறிய ஆண்டுகளில் கூலி நாட்கள் குறைந்து குடும்பங்கள் திருப்பூருக்குக் கிளம்பிய கதையைப் பாதிக்குப் பிறகே கொண்டு வந்திருக்கிறேன். முறையீடு இவ்வளவு தாமதமாக வந்தால் வாசகர் அதுவரை காத்திருப்பாரா என்பது சிஸ்டரின் ஐயம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மலையில் நான் யார், என் வீட்டுச் சோறு எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று சொல்லாமல் குறை பேசினால், கோடை விடுமுறைக்கு வந்து போகிறவர் பேசுவதாகவே அது இருக்கும். இதைச் சுந்தரரிடம்தான் கற்றேன் என்று சொன்னபோது அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் இறுதிப் பத்தியில் வரப்போகும் ஆண்டுகளைப் பற்றி நான் எழுதியிருந்த நம்பிக்கை வாக்கியங்கள் நான்கையும் பென்சிலால் அடித்து, “இவை யாருடைய குரல்?” என்று ஓரத்தில் கேட்டிருக்கிறார். அவற்றை எடுத்துவிட்டேன்.

இரவு அப்பா தொலைபேசியில் அழைத்தார். நாற்பது சென்ட் மழை. போதாது, ஆனால் மேகம் இன்னும் நிற்கிறது என்றார்.

ஏப்ரல் 13

பருவக் கட்டுரையின் முதல் இரண்டு பகுதிகளைத் தமிழில் சொல்லித் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். பிணைப்பு உள்ளவருக்கே வழக்காடும் உரிமை உண்டு என்ற என் வாதத்தை முழுவதும் கேட்டுவிட்டு, “கலிக்காமரை விட்டுட்டியே கண்ணு” என்றார்.

அவர் சொன்னது மிகவும் சரியான இடம். கண் இழந்து பெற்ற கதையைச் சேக்கிழார் வைத்திருப்பதே ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில்தான். கண் திரும்பிய பின், திருவாரூரில் இருந்த முதல் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் சிவபெருமானையே தூது அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட கலிக்காமர், ஆண்டவனை ஏவலாளாக்கிய அடியானை வெறுத்தார். சுந்தரர் வந்து தம்மை வாட்டிய சூலை நோயைத் (கடும் வயிற்றுவலி) தீர்ப்பதைவிட உயிரை விடுவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். கடைசியில் உயிர்பெற்று எழுந்து, இருவரும் நட்பானார்கள் என்பது உண்மை. ஆயினும் இந்த நெருக்கம் அத்துமீறல் என்று நினைத்த மனிதரையும் மரபு நாயனாராகவே வைத்திருக்கிறது. வழக்காடுபவரின் பிணைப்பை வழக்காடாதவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை என் கட்டுரை தொடவே இல்லை. மில்டனின் பொறுமையும் ஒருவகையில் கலிக்காமரின் பக்கம் நிற்பதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் முதல் பகுதியில் அவரைப் பற்றி எழுதிய கடுமையான பத்தி நிற்காது.

தாத்தாவின் பெரியபுராணத்தை வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் புராணம் முழுவதையும் உரையோடு படித்த பிறகே மூன்றாம் பகுதியைத் தொடங்குவேன். சிஸ்டரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்க வேண்டும்.