நீல ரத்தம்

பத்தாம் வகுப்பில் ரத்தச் சுற்றோட்டப் பாடம் வந்தாலே எனக்குத் தொண்டை கட்டிவிடும். மேற்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி என்று பிள்ளைகள் ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி, "இப்ப ரத்தம் எங்கடா நிக்குது?" என்று கேட்டால் போச்சு. மறுபடி மேற்பெருஞ்சிரையிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும்.

ஒரு வருடம் வேறு மாதிரி செய்து பார்த்தேன். "கண்ணை மூடுங்க. நீங்கதான் ஒரு சொட்டு ரத்தம். சிரை வழியா உள்ள வர்றீங்க. என்ன தெரியுது?"

பின்பெஞ்சுப் பையன் ஒருவனுக்கு இதயம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டாகிவிட்டது. வால்வு என்பது உள்ளே போன வண்டி ரிவர்ஸ் வரமுடியாத கேட். நுரையீரல்தான் டிப்போ, டீசல் போட்டுக்கொண்டு இடது ஆரிக்கிள் வழியாக வந்து, பெருந்தமனியில் ஊர் ஊராகக் கிளம்ப வேண்டியது. அதன்பிறகு அவனை எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் சொன்னான். பின்னாலிருந்து முன்னாலும் சொன்னான்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பிரிவில் போய் அதே பஸ் ஸ்டாண்டைப் பாடமாகவே நடத்தினேன். அவர்கள் இதயத்தோடு பஸ் ஸ்டாண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்தார்கள், அவ்வளவுதான். அவன் கட்டிய பஸ் ஸ்டாண்ட் அவனுக்கு மட்டும்தான் உதவியது.

சொல்லாக ஒன்று, படமாக ஒன்று என இரண்டு வழியில் பதிந்தது எளிதில் நினைவுக்கு வரும் என்று கனடா உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-இலேயே எழுதியிருக்கிறார். 'மாங்காய்' மனதில் நிற்கிற மாதிரி 'நியாயம்' நிற்பதில்லை அல்லவா, அதற்கு அவர் சொன்ன காரணம் இது. ஆனால் படம் தப்பாகப் பதிந்தாலும் அதே உறுதியோடுதான் நிற்கும். அதை எனக்குக் காட்டியவன் வேறொரு பையன்.

விடைத்தாளில், "ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நீல நிறமுடையது" என்று எழுதியிருந்தான். இதயப் படங்களில் வலப்பக்கத்துக்கு நீலம் அடிப்பது வழக்கம். அடையாளத்துக்குத்தான் அது, உண்மையில் கருஞ்சிவப்பு என்று விளக்கினேன். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் அவன் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். சிரை ரத்தம்தான். குழாயில் ஏறியதை அவனும் பார்த்தான். அரையாண்டுத் தேர்வில் மறுபடி நீலம்.

இவர்களையெல்லாம் சொல்லிவிடலாம். சொல்லக் கூசுவது ஒரு பெண்ணைப் பற்றி.

எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் திறந்தே வைத்திருந்தாள். அதட்டினேன். "மூடுனாலும் இருட்டுதான் டீச்சர் தெரியுது" என்றாள். வகுப்பு சிரித்தது. வாய்த்துடுக்கு என்று நினைத்து எழுந்து நிற்கச் சொன்னேன். இத்தனைக்கும் இதயப் பாடத்தில் ஒரு கேள்விக்கும் தடுமாறியவள் இல்லை. எப்படி என்று பிறகு ஒருநாள் கேட்டதற்கு, "எதுக்கு அப்புறம் எதுன்னு தெரியும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியும். பார்க்கத்தான் முடியல" என்றாள். அப்போதும் நான் நம்பவில்லை.

மனக்கண் இல்லாதவர்கள் உண்டு என்று நான் படித்தது வெகுகாலம் கழித்து. 1880-இலேயே ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், காலை உணவு மேசையை மனதில் கொண்டுவரச் சொல்லிப் பலரிடம் கேட்டிருக்கிறார். ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். 2015-இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் குழுவினர் இதற்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். நோய் என்று சொல்வதற்கில்லை. படிப்பு வராது என்றும் இல்லை.

இப்போது கண்ணை மூடச் சொல்வதில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, ரத்தம் போகும் வழியைத் தோன்றியபடி போடச் சொல்கிறேன். சிலர் வீடு வரைகிறார்கள், சிலர் வாய்க்கால், மடை. சிலர் வெறும் கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டுத் தருகிறார்கள். அந்தத் தாள்களைத் திருத்தும்போது அவள் ஞாபகம் வரும். பத்து நிமிடமாவது நிற்க வைத்திருப்பேன்.