கூடத்துக்குக் கடுகு மஞ்சள்

ஜூன் 3

வண்ண அட்டையில் கடுகு மஞ்சளிலேயே ஏழு கட்டங்கள். எல்லாம் ஒரே சாயல். கடுகு என்றதும் எனக்குக் கருமணிதான் கண்ணில் வருகிறது. உடைத்தால்தானே உள்ளே மஞ்சள்? பெயர் வைத்தவர் அரைத்துப் பார்த்திருக்க வேண்டும். கூடத்தின் நான்கு சுவருக்கும் இதுதான் என்று அறிவித்துவிட்டேன். "அவசரப்படாதே அக்கா" என்றான் தம்பி.

ஜூன் 5

மாதிரியைச் சுவரிலேயே பூசப் போனேன். பெயிண்டர் தடுத்தார்: "பழைய நிறம் பக்கத்தில் இருந்தால் கண்ணை ஏமாற்றும். அட்டையில் அடித்துப் பாருங்கள்." இரண்டடி அட்டையில் இரண்டு பூச்சு. ஈரத்தில் வெளிறிக் கிடந்தது, பயந்துவிட்டேன். காய்ந்ததும் ஒரு படி இருண்டது. எமல்ஷன் என்ற தண்ணீர் பெயிண்டில் உள்ள பிசின் ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும், உலர்ந்தால் தெளிந்துவிடும் என்றார்.

ஜூன் 6

நாள் முழுக்க அட்டையும் கையுமாக அலைந்தேன். வெயில் நேரே விழாத ஜன்னலோரத்தில் வானத்தின் நீல வெளிச்சம் மட்டும்தான். அங்கே என் மஞ்சள் பாசி பிடித்த தொட்டிபோல் பச்சையடித்தது. மஞ்சளில் கொஞ்சம் கருப்பு சேர்ந்தாலே பச்சை எட்டிப் பார்க்குமாம். மாலை வெயிலில் அதே அட்டை தேனாக மாறியது. இரவு 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை பல்பின் கீழே காமாலை கண்டதுபோல் இருந்தது. பல்பைக் கழற்றி 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்ச பல்பை மாட்டினேன். தேன் திரும்பி வந்தது. பெயிண்டுக்கு முன் பல்பை அல்லவா தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்!

ஜூன் 7

எதிரெதிர்ச் சுவர்கள் தங்கள் நிறத்தை ஒன்றன்மேல் ஒன்று வீசும். அட்டையில் அடக்கமாக இருப்பது அறையில் கூச்சல் போடும். ஆகவே ஒரே ஒரு சுவர். மற்றவை வெண்ணெய் நிறம். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஜூன் 9

உப்புத்தாள், பட்டி, பிரைமர். தும்மல்.

ஜூன் 10

முதல் பூச்சு திட்டுத்திட்டாக வந்தது. பளீர் மஞ்சள்களுக்கு அடியிலிருப்பதை மறைக்கும் சக்தி குறைவு. கடுகு மஞ்சளைக் காப்பாற்றுவது அதில் கலந்துள்ள மஞ்சள் காவி. இரும்பு தந்த நிறம் அது, வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. பிரான்சின் லாஸ்கோ குகையில் ஆதிமனிதர்கள் குதிரை ஓவியங்களுக்குப் பூசியதும் அதே காவிதான். மூன்றாவது பூச்சில் சுவர் சமாதானமானது.

ஜூன் 12

எங்கள் பழைய கருநீல நாற்காலியைத் தூக்கிப் போட இருந்தேன். கடுகுச் சுவர் முன்னால் போட்டதும் புதிதாய்ச் சாயமேற்றியதுபோல் ஜொலிக்கிறது. நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரெல், கருப்பு நூல் மங்குவதாக வந்த புகார்களை ஆராய்ந்தார். குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில்தான் என்று கண்டு 1839இல் புத்தகமே எழுதினார். மஞ்சள், பக்கத்தில் இருப்பதை அதன் எதிர்நிறமான நீலத்தின் பக்கம் தள்ளிக் காட்டும். நாற்காலி தப்பித்தது அப்படித்தான்.

அதே காரணத்தால் வெள்ளை ஸ்விட்ச் பலகை மட்டும் நீலம் பாரித்துப் பல்லை இளிக்கிறது. நாளை அதை மாற்ற வேண்டும்.