பாப்பாவின் ஒற்றைத் தூக்கம்

7 ஜூலை, சுங்கை சிப்புட், மலேசியா

பாப்பாவுக்கு 15 மாதம். காலை 9.30-க்கு ஒரு தூக்கம், மதியம் 2.30-க்கு ஒன்று என்றிருந்தாள். இப்போது மதியத் தூக்கம் கெட்டுவிட்டது. ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு எவ்வளவு ஆட்டினாலும் துணியை விலக்கி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். தப்பித் தவறித் தூங்கினாலோ, 5 மணிக்கு எழுந்து இரவு 10.30 வரை வீட்டைச் சுற்றுகிறாள். ஓரிரு நாள் அடம் என்றால் பல்லோ சளியோ என்று விட்டுவிடலாம். இது வாரக்கணக்கில் நீள்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் 14 முதல் 18 மாதத்துக்குள் ஒரே தூக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். இவளுக்கும் அந்த நேரம் வந்துவிட்டது.

அத்தைக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில் விடியுமுன்னே பிள்ளையை ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஓடியவர். "கொட்டகையில எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டு ஒரே நேரத்துலதான்மா தூங்கும். அத்தனை தொட்டிலை ரெண்டு தடவை ஆட்ட ஆயாம்மாவுக்கு நேரம் ஏது?"

9 ஜூலை

காலைத் தூக்கத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளிப்போடுவது என்று முடிவு. விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் தூக்கத்தின் அழுத்தம் ஏறும். ஒரே நாளில் 12 மணிக்குத் தள்ளினால் அளவுக்கு மீறிக் களைத்துப்போய், தூங்கவும் முடியாமல் ஊரைக் கூட்டுவாள்.

9.30-க்குக் கொட்டாவி வரும். அந்த நேரம் பார்த்து வாசலுக்குத் தூக்கிப் போகிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிய லோரி திருப்பத்தில் குலுங்கும்போது உதிரிப் பழம் நாலைந்து சாலையோரம் விழும். அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் திணிப்பாள்; விரலெல்லாம் ஆரஞ்சு எண்ணெய். கொட்டாவி போன இடம் தெரியாது. காரில் மட்டும் அந்த நேரத்தில் ஏற்றவே கூடாது. பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் மதியத் தூக்கத்தில் கை வைத்துவிடும்.

13 ஜூலை

வெளிநாட்டு அட்டவணை ஒன்றைத் தோழி அனுப்பினாள்: பகல் 12-க்குத் தூக்கம், இரவு 7-க்குப் படுக்கை. நம் ஊரில் 7 மணிக்குப் பொழுதே சாய்ந்திருக்காதே! 1982 ஜனவரி 1-இல் கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கோடு ஒத்துப்போகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே உச்சி வெயிலே 1 மணி தாண்டித்தான். கடிகாரத்தை விட்டுவிட்டு, எழுந்த நேரத்திலிருந்து எண்ணுகிறேன். 7-க்கு எழுந்தால் ஐந்து மணி நேரம் கழித்து மதியத் தூக்கம், அதிலிருந்து எழுந்து ஆறு மணி நேரத்துக்குள் இரவுப் படுக்கை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டாயிற்று.

16 ஜூலை

கிளினிக்கில் 15-ஆவது மாத நியூமோகாக்கல் (நிமோனியா தடுப்பு) ஊசி. வரும் வழியிலேயே காரில் தூங்கிவிட்டாள், சாயங்காலமும் கொஞ்சம். ஊசி, காய்ச்சல், பயணம் என்றால் அன்றைக்கு இரண்டு தூக்கம் விட்டால் குடிமுழுகிப் போகாது.

5 ஆகஸ்ட்

இப்போது தூக்கம் 12-க்கு வந்துவிட்டது. சாப்பாட்டையும் 11.15-க்கு இழுக்க வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் இன்றைய கதைதான்: பருப்புச் சோற்றை மென்றபடியே தலை தொங்கி, கன்னத்தில் சோற்றுப் பருக்கையோடு தூக்கம். சில நாள் 40 நிமிடத்தில் அழுது எழுகிறாள். தட்டிக்கொடுத்துப் பார்ப்பேன், தூங்கவில்லையா, சரி, இரவு 7-க்கே படுக்கை. 1 முதல் 2 வயதுக்கு பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவள் இரவில் பதினொரு மணி நேரம், பகலில் இரண்டு. போதும்.

10 ஆகஸ்ட்

இவருக்குத்தான் வருத்தம். ஆலையிலிருந்து 7.15-க்கு வந்தால் மகளோடு அரைமணிதான். சொந்தக்காரர்கள் வேறு 8.30-க்குத்தான் வீட்டுக்கு வருவார்கள், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சாமல் போனால் அவர்களுக்கு மனம் ஆறாது. நான் அசையவில்லை. படுக்கை பிந்தினால் மறுநாள் 5.30-க்கே எழுப்பிவிடுகிறாள், இரவெல்லாம் சிணுங்கல் வேறு. வேலை இல்லாத நாளில் லோரி பார்க்கக் கூட்டிப்போவது இனி அவர் பொறுப்பு.

சில நாள் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் நாளை பேச வேண்டும். அவர் பார்த்துக்கொள்ளும் மற்ற பிள்ளைகள் இன்னும் காலை 10 மணிக்குத் தூங்குகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் பாப்பாவைக் கொல்லைப்புறத்தில் விளையாட விடுவாரா என்று கேட்கணும்.