வலிக்காத தோளுக்கும் ஒரு எக்ஸ்ரே

எனக்கு 13 வயது நடந்தபோது, பேஸ்பால் அணியில் பந்து வீசும் பிட்சராக இருந்த நான், வலது தோளில் வந்த வலியை ஏறக்குறைய இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பந்து கையை விட்டுப் போன மறுகணம் தோளின் வெளிப்புறத்தில் சுருக்கென்று குத்திவிட்டு அடங்கிய வலி, போகப்போகச் சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினாலே வரத் தொடங்கியது. வேகம் குறைந்துவிட்டதே என்று கோச் கேட்டபோது, இரவில் சரியாகத் தூங்கவில்லை என்று பொய் சொன்னேன்.

கடைசியில் வீட்டில் தெரிந்து போய்ப் பார்த்தபோது, மருத்துவர் இரண்டு தோள்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலிக்காத தோளுக்கு எதற்கு என்பது, இரண்டு படங்களையும் அவர் அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. மேற்கை எலும்பின் தலைக்குச் சற்றுக் கீழே, இடப்புறம் மெல்லிய கோடாகத் தெரிந்தது, வலப்புறம் அகன்று கறுத்திருந்தது. அதுதான் வளர்ச்சித் தட்டு. வளரும் வயதில் எலும்பு நீள்வதற்கு இடம் தரும் குருத்தெலும்பு. சுற்றியுள்ள எலும்பையும் தசைநாரையும்விட அது வலுக் குறைந்தது என்பதால், ஒவ்வொரு வீச்சிலும் கை முறுக்கிக்கொள்ளும் விசை அங்கேதான் போய் இறங்குகிறது. சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீக்கை வைத்து, லிட்டில் லீக் ஷோல்டர் என்று இதற்குப் பெயர். களிம்பு தேய்த்துக் கொண்டிருந்த எங்களுக்கு இது தசைவலியே அல்ல என்பது அன்றுதான் தெரிந்தது.

குற்றம் நான் வீசிய பந்துகளின் கணக்கில்தான் இருந்தது. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும் அந்நாட்டு பேஸ்பால் அமைப்பான யூ.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி, 13, 14 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும். நானோ சனிக்கிழமை ஓர் அணிக்கு 70, மறுநாள் இன்னோர் அணிக்கு 60 என்று வீசிக்கொண்டிருந்தேன். இரண்டு கோச்சுகளும் அவரவர் எண்ணிக்கையை ஒழுங்காகவே எழுதினார்கள். கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார்கள். வலி மூன்றாவது வாரமே போய்விட்டதால், மீதி நாட்களைக் கடத்துவதுதான் உண்மையான சிரமமாக இருந்தது. பாய்ந்து வரும் கையைப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்துகிற தசைகளுக்காகவும் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளுக்காகவும், ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி இழுக்கும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்தார். சலிப்பான வேலை, ஆனாலும் விடாமல் செய்தேன்.

நான்காவது மாதம், மறு எக்ஸ்ரேயில் கோடு மெலிந்திருப்பது தெரிந்த பிறகு, 45 அடி தூரத்தில் அப்பாவை நிற்கவைத்து மெதுவாக 25 முறை எறிந்தேன். இன்னும் ஒன்று என்று கையை நீட்டினேன். அவர் பந்தைக் கையுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.