திருச்சியில் தனியாக ஓர் உளவியல் அறை தொடங்கிய கதை

நான் பள்ளியில் படித்தபோது சித்தப்பாவைக் குணசீலத்துக்கு அழைத்துப் போனார்கள். சேலம் சாலையில், காவிரிக் கரையில் இருக்கும் பெருமாள் கோயில் அது. மனம் கலங்கியவர்களை அங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பது வழக்கம். பூசை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். பாட்டியும் கூடவே தங்கினார். திரும்பி வந்து சில வாரம் சித்தப்பா தெளிவாக இருந்தார். பிறகு மறுபடியும் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கம் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். செய்தி வந்த அன்று பாட்டி டிவியை அணைத்துவிட்டு சித்தப்பா பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அப்பா அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் சைக்கிளில் கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தேறினார். ஆனாலும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவரைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவோம். நானும் தோழிகளிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உளவியல் படிக்கப் போனதற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

எம்.ஏ. முடித்து, மருத்துவ உளவியலில் இரண்டு வருட எம்.ஃபில். படித்தேன். நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிற்சி பெறும் முழுநேரப் படிப்பு அது. அப்புறம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (RCI) பதிவு செய்தேன். இந்தப் பதிவு எண் இல்லாமல் மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை வைக்கக் கூடாது. எந்த மருத்துவ உளவியலாளரிடம் ஆலோசனைக்குப் போனாலும் அந்த எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். எனக்குக் கொடுத்த இடம் ஒரு திரைக்குப் பின்னால் ஒரு மேசை, ஆளுக்கு 15 நிமிடம். ஒரு பெண் அழ ஆரம்பித்து, திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் மறுபடி வரவில்லை. கதவு இருக்கிற ஓர் அறை வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

2019இல் தில்லைநகர்ப் பக்கம் இடம் தேடினேன். ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வரைக்கும் பேசிவிட்டு, "பைத்தியங்க வந்து போற இடமா இருக்கக் கூடாதும்மா" என்றார். எனக்குச் சித்தப்பா முகம்தான் வந்தது. பதில் சொல்லாமல் இறங்கி வந்தேன். நாலாவதாகப் பார்த்தது ஒரு பல் மருத்துவருக்கு மேலே இருந்த மாடி. படியேறுகிறவர் பல்லுக்குப் போகிறாரா, என்னிடம் வருகிறாரா என்று தெருவுக்குத் தெரியாது. அதற்காகவே வாடகை 2,000 ரூபாய் கூடுதல் என்றாலும் எடுத்தேன். பலகையில் என் பெயர், படிப்பு, பதிவு எண் மட்டும். 'மனநலம்' என்று எழுதாதது சரியா என்று ரொம்ப நாள் யோசித்தேன். மறைக்கிறோமோ என்று உறுத்தியது. ஆனால் என் கொள்கைக்காக, வருகிறவரைத் தெருவுக்குக் காட்டிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

திறப்பதற்கு முன் தோழியை வெளியே உட்காரவைத்துவிட்டு, உள்ளே சாதாரணக் குரலில் செய்தித்தாள் படித்தேன். அவள் தலைப்புச் செய்தியை வரிமாறாமல் திருப்பிச் சொன்னாள்! கதவின் அடியில் ரப்பர் பட்டை, கனமான திரை, வெளியே சத்தமாக ஓடும் ஒரு டேபிள் ஃபேன் என்று மூன்று நாள் வேலை. ஒருவருக்கு 50 நிமிடம், அடுத்தவருக்கு முன் 25 நிமிட இடைவெளி. இரண்டு பேர் படியில் எதிர்ப்படக் கூடாது, அதுவும் இந்த ஊரில்.

ஒப்புதல் படிவம்தான் அதிக நாள் எடுத்தது. ஆங்கிலத்தில் கிடைக்கிற படிவத்தைத் தமிழாக்கினால் பத்திரப்பதிவு ஆவணம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு, பாட்டிக்குச் சொல்வதுபோல எழுதினேன். "நீங்கள் சொல்வதை உங்களைக் கேட்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால், அப்போது சொல்ல வேண்டியிருக்கும். முடிந்தவரை முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே சொல்வேன்." 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இந்த ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. குழந்தைகள் விஷயத்தில் 2012 போக்சோ சட்டத்தின்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். 19 வயதுப் பையனின் அம்மா, "காசு கொடுக்கிறது நாங்கதானே, என்ன சொன்னான்?" என்று ஃபோனில் கேட்டபோது இந்தப் படிவம்தான் கைகொடுத்தது. அவனைக் கேட்டுவிட்டு, மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம்.

மாத்திரை எழுதும் அதிகாரம் எனக்கு இல்லை. தூக்கமும் பசியும் கெட்டு, சோர்ந்து வருகிறவரை முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்து தைராய்டு சோதித்துவிட்டு வரச் சொல்வேன். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். கோயிலுக்குப் போகட்டுமா என்று கேட்பவர்களிடம் தாராளமாகப் போங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்பேன். பாட்டி குணசீலத்தில் 48 நாள் தரையில் படுத்த அன்பை என்னால் மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது.

சொந்தக்காரர்களுக்கு நான் ஆலோசனை தருவதில்லை. அத்தை மகளுக்காகக் கேட்டபோது வேறொருவர் பெயரைக் கொடுத்தேன். அத்தை ஒரு வருடம் பேசவில்லை.

திறந்து மூன்று வாரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு மாலை நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, "வெளியே கிடந்தா தெரிஞ்சவங்க யாராவது அடையாளம் கண்டுக்குவாங்கம்மா" என்று நாற்காலிக்கு அடியில் வைத்தார். கதவு, திரை, ஃபேன் எல்லாம் யோசித்த எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் காலை ஒரு சின்னச் செருப்பு ஸ்டாண்டு வாங்கி, கதவுக்கு உள்பக்கம் வைத்தேன்.