விண்கலத்தில் விழுந்த அடி

எண்டர்ஸ் கேம் நாவலை முதல் தடவை படித்தபோது எனக்கு 15 வயது. என்சிசியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவ்தான், விஷ்ராம் என்று மைதானத்துப் புழுதியைக் கிளப்பிவிட்டு வந்து, மத்தியானம் பூரா அந்தப் புத்தகத்தோடு படுத்துக் கிடப்பேன். வேற்றுக்கிரக எதிரிகளோடு போரிட, விண்வெளியில் இருக்கும் படைப்பள்ளியில் குழந்தைகளைப் பழக்கும் கதை அது. எண்டர் என்ற சிறுவன்தான் நாயகன். அப்போது எனக்குப் பிடித்ததெல்லாம், பையன்கள் அணி பிரிந்து விளையாட்டுப் போர் நடத்தும், எடையே இல்லாத அந்தப் போர் அறைதான். எதிரியின் வாசல் இருக்கும் திசைதான் கீழே என்று எண்டர் வைத்துக்கொள்கிறான். மற்றவர்கள் நின்ற வாக்கில் மிதந்துவந்து உடம்பு முழுவதையும் காட்டிச் சுடப்படுகிறார்கள். இவனோ காலை முன்னால் விட்டு, அதையே கேடயமாக்கிக்கொண்டு பாய்கிறான்.

போன மாதம் மறுபடி எடுத்தேன். இப்போது என் மகனுக்கு 6 வயது. எண்டரைப் படைப்பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது அவனுக்கும் அதே வயதுதான். என் பையனுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது.

அன்று வேகமாகப் புரட்டிய விண்கலப் பயணத்தை இந்த முறை தாண்டவே முடியவில்லை. படைப்பள்ளியின் தலைவர் கர்னல் கிராஃப் எல்லாப் பையன்கள் முன்னாலும் எண்டரைப் புகழ்கிறார்: இந்தக் கூட்டத்திலேயே மூளை உள்ளவன் இவன் ஒருவன்தானாம். அவ்வளவுதான். பின்சீட்டுப் பையன் எண்டரின் தலையில் அடிக்க ஆரம்பிக்கிறான். பொறுத்துப் பார்த்துவிட்டு எண்டர் அந்தக் கையைப் பிடித்து இழுக்க, எடையில்லாத பையன் பறந்துபோய் மோதுகிறான், கை முறிகிறது. கிராஃப் வேண்டுமென்றேதான் புகழ்ந்தார். யாரும் துணைக்கு வரமாட்டார்கள் என்று அந்தக் குழந்தை நம்ப வேண்டும், அதுதான் அவர் திட்டம்.

எனக்கு அந்த அடி தெரியும். ஒருநாள் அணிவகுப்பில் எங்கள் பயிற்சியாளர், "ஒழுங்காக நடக்கத் தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்று என்னைக் காட்டினார். அன்று பூரி கிழங்கு சாப்பிடும்போது என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குப் பூரி தொண்டையில் இறங்கவில்லை.

ஆர்சன் ஸ்காட் கார்ட் இதை 1977இல் சிறுகதையாக எழுதி, 1985இல் நாவலாக்கினார். ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் கிடைத்தன. அமெரிக்க மரைன் படையும் தன் வாசிப்புப் பட்டியலில் இதைச் சேர்த்தது. தனக்குக் கீழே இருக்கும் சின்னக் குழுத் தலைவர்களைச் சொந்தமாக யோசிக்க விடுகிறான் எண்டர். அதில் கற்க நிறைய இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிராஃபை ஒரு நல்ல பயிற்சியாளராக மட்டும் யாராவது படித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பெரியவர்கள் அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். எண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விளையாட்டு என்று அவர்கள் சொன்னதை நம்பித்தான் அவன் எதிரிகளின் கிரகத்தையே நிஜமாக அழித்திருக்கிறான். விதியை மீறி ஆடியதற்குத் திட்டு விழும் என்று காத்து நிற்கிறான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பையன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். மிச்சத்தை இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன்.