மாதவிடாய் நின்ற பின் விடாமல் வந்த நீர்க்கடுப்பு

மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழித்து நீர்க்கடுப்பு வருகிறது, மாத்திரை சாப்பிட்டதும் அடங்குகிறது, இரண்டு மாதத்தில் மறுபடியும் தலைகாட்டுகிறது என்றால், காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் உங்களுக்கு முதலில் கிடைக்கும் விளக்கம் "சூடு" என்பதுதான். வெந்தயத்தை ஊறவைத்துக் குடி, நீர்மோர் குடி, தலைக்கு நல்லெண்ணெய் வை என்று உறவுக்கார ஆச்சிமார் சொன்னதையெல்லாம் நானும் செய்தேன். கெடுதல் ஒன்றும் இல்லை, பலனும் இல்லை. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு மருத்துவமனை, லேப், ஸ்கேன் மையம், மருந்துக் கடை என்று அலைந்ததில் வீணாய்ப் போன காலத்தைப் பற்றி. அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் அடங்க மறுக்கிறது.

வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் ஒன்றேதான் நடந்தது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்கள் அதிகம் என்று வரும். அதே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எழுதுவார்கள். "வயசாயிட்டா இப்படித்தான் ஆச்சி, தண்ணி நெறையக் குடிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மாதவிடாய் எப்போது நின்றது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ ஓராண்டில் மூன்று தடவையோ சிறுநீர்த் தொற்று வந்தால், அதைத் தனித்தனிக் காய்ச்சலாகப் பார்க்காமல் தொடர் தொற்றாகக் கருதிக் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. என் பழைய சீட்டுகளையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கி மேசைமேல் வைத்த பிறகுதான் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை, எழுதிக் கொடுத்தார்கள். மஞ்சள்பையில் கிடக்கும் அந்தச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். நாம் வாயால் சொல்வதைவிட அவை உரக்கப் பேசுகின்றன.

கல்ச்சரில்தான் உண்மையான கூத்து தொடங்கியது. "ராத்திரியே மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க, காலையில யூரின் குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள், அப்படியே செய்தேன். முடிவு 'கிருமி வளர்ச்சி இல்லை' என்று வந்தது. கடுப்போ உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. மாத்திரை உள்ளே போன பிறகு கொடுக்கும் சிறுநீரில் கிருமி அரைகுறையாகச் செத்திருக்கும், தட்டில் வளராது என்று பின்னால் ஒரு மருத்துவர் சொல்லித்தான் காரணம் விளங்கியது. சிறுநீரைக் கொடுத்த கையோடு மாத்திரையைத் தொடங்கலாம். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் பாட்டிலுக்குள் போயிருக்க வேண்டும். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால் இந்த வரிசையையெல்லாம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த முறை கிருமி வந்தபோது வேறொரு இடத்தில் கொடுத்தேன். அது லேப் அல்ல, மாதிரிகளை வாங்கி மதுரைக்கு அனுப்பும் கலெக்ஷன் சென்டர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பையன், தெரிந்த முகங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், "யூரினா, மோஷனா?" என்று குரலை உயர்த்திக் கேட்டான். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னுடைய பாட்டிலை வாங்கி, சன்னல் ஓரத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்த மேசையில், மற்ற பாட்டில்களோடு வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எப்போது மதுரைக்குப் போகும் என்று கேட்டதற்கு, "சாயங்கால வண்டியில" என்றான். சித்திரை வெயிலில் அத்தனை மணி நேரம் கிடந்தால் ஒன்றிரண்டு கிருமி ஊராய்ப் பெருகிவிடாதா? எதிர்பார்த்தபடியே 'பல வகைக் கிருமிகள் கலந்துள்ளன, மறுமாதிரி தேவை' என்று வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், எடுத்த முறை சரியில்லை என்று பழியை என் தலையில் போட்டார்கள்.

இதைப் படிக்கும் பெண்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: கல்ச்சர் அந்த இடத்திலேயே போடுகிறார்களா, அனுப்புகிறார்களா? சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்குள் லேபைச் சேர வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். எடுக்கும்போது வெறும் தண்ணீரால் கழுவி, பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கிப் பிடித்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும், ஆனால் எனக்குச் சொன்னது நான் கடைசியாகப் போன லேபில் இருந்த பெண் மட்டும்தான். அங்கே ஈ.கோலை என்ற குடல் கிருமி வளர்ந்தது, அதுவரை எனக்குத் திரும்பத் திரும்ப எழுதிய அதே மாத்திரைக்கு எதிரே 'எதிர்ப்புத் திறன் உண்டு' என்றிருந்தது, அதாவது அந்த மாத்திரைக்குக் கிருமி அடங்காது. நைட்ரோஃபுரான்டாயின் என்ற வேறொரு மருந்துக்குக் கேட்கும் என்றிருந்தது, கேட்டது.

ஸ்கேன் தனிக் கொடுமை. மூத்திரப் பை நிரம்பியிருக்க வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். அவசரம் என்றாலே அடக்க முடியாதவளை அடக்கச் சொல்லிவிட்டு, பார்க்கும் மருத்துவர் எப்போது வருவார் என்று கேட்டால் "வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார்கள். சேலை நனையாமல் தப்பியது என் புண்ணியம். அத்தனை பாடுபட்ட பிறகு வந்த அறிக்கையில், சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற அளவே இல்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வரும்போது மருத்துவர் தேடுவதே அந்த எண்ணைத்தான். அது இல்லாததால் மறுபடியும் போக வேண்டியதாயிற்று. படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்ததும் "இன்னொரு தடவை பாருங்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு 50 மில்லிக்குள் இருந்தது. அந்த அளவில் கவலை இல்லை என்றார்கள்.

கடைசியில் மதுரையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனபோதுதான், நாற்காலியில் உட்கார்ந்ததும் "பீரியட்ஸ் எப்பம்மா நின்னுச்சு?" என்ற கேள்வி வந்தது. உள்பரிசோதனை செய்தார், கருப்பை இறக்கம் இல்லை என்றார், பிறகு பொறுமையாக விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோலும் சிறுநீர்ப் பாதையின் உட்தோலும் மெலிந்து வறண்டுபோகின்றன. அங்கே காவலுக்கு இருந்த லாக்டோபாசிலஸ் என்ற நல்ல கிருமிகள் குறைகின்றன. அவற்றால் நிலைத்திருந்த அமிலத்தன்மை போய்விடுகிறது. ஆசனவாய்ப் பக்கமிருந்து வரும் ஈ.கோலை அங்கே குடியேறி மேலே ஏறுகிறது. எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, திடீர் அவசரம் எல்லாம் கிருமி இல்லாத நாளிலும் இருப்பதற்கு இதே வறட்சிதான் காரணமாம். அதற்கு ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ரியால் க்ரீம் எழுதினார்: இரண்டு வாரம் தினமும் இரவில் உள்ளே வைக்க வேண்டும், பிறகு வாரம் இரண்டு நாள். 1993இலேயே இதை மருந்தில்லாத வெற்று க்ரீமோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், க்ரீம் வைத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 தடவையும் வெற்று க்ரீம் வைத்தவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது என்று சொன்னார். முப்பது ஆண்டுக்கு முன்னால் தெரிந்த செய்தி காரைக்குடிக்கு வந்துசேர இவ்வளவு காலமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

க்ரீமை வாங்குவதும் எளிதாக முடியவில்லை. முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில், "இதுவும் லேடீஸ் க்ரீம்தான் ஆச்சி, இதையே போடுங்க" என்று வேறொரு டியூபை நீட்டினார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தால் குளோட்ரிமசோல், அது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. வேண்டாம் என்று மேசையில் திருப்பி வைத்தேன். ஊரில் எத்தனை பேர் அதை வாங்கிப் போயிருப்பார்கள் என்று தெரியாது. ஆர்டர் போட்டு வரவழைத்த சரியான டியூபோடு வந்த தாளைப் பிரித்தால், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் என்று பத்தி பத்தியாக இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மருமகள் படத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை, இதைத் தொடாதீங்க" என்று பதறினாள். மருத்துவரைக் கேட்டபோது, அந்த எச்சரிக்கைகள் வாய்வழி ஹார்மோன் மாத்திரைகளை வைத்து எழுதப்பட்டவை, இந்தச் சிறு அளவில் ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு என்று விளக்கினார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், மாதவிடாய் நின்ற பிறகு காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் மட்டும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கக்கூடாது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கிறது; முதல் வாரத்தில் லேசான எரிச்சல் இருந்தது, பிறகு போய்விட்டது.

அவசரம் அடங்குவதற்கு இடுப்புத்தள தசைப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்கள். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதாக நினைத்து உள்நோக்கி இழுத்துப் பிடித்து விட வேண்டும். வயிறும் தொடையும் இறுகக்கூடாது. ஒரு முறைக்குக் குறைந்தது எட்டுத் தடவை செய்ய வேண்டும், நாளுக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது தவறு, அதனால் பை முழுதும் காலியாகாமல் போகலாம். எங்களைப் போன்ற வீடுகளில் இதன் அருமை தனியாகத் தெரியும். படுக்கை அறை வீட்டின் முன்பகுதியான முதல் கட்டில் இருக்கிறது, கழிப்பறை இரண்டாம் கட்டையும் தாண்டிக் கொல்லைப் பக்கம். நடுவில் ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல். அவசரம் வந்ததும் ஓடினால் அவசரமும் கூடுகிறது, விழும் ஆபத்தும் கூடுகிறது. நின்ற இடத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை இழுத்துப் பிடித்தால் அலை தணிகிறது, பிறகு நடந்தே போகலாம். வழியெல்லாம் இரவு விளக்குப் போட்டுவைத்தேன்.

கல்யாண வீட்டுக்கும் முன்னோர் படைப்பு வழிபாட்டுக்கும் போகும்போது காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழக்கம். அதனால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பகலிலேயே குடித்துவிட்டு, படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் குறைத்துக்கொள்வது எனக்கு ஒத்துவந்தது. காபியை விட முடியவில்லை, மாலைக் காபியை மட்டும் விட்டேன். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் இதையெல்லாம் முயன்று பார்க்காமல் உடனே காட்ட வேண்டும். வலியில்லாமல் வந்தால் இன்னும் அவசரமாகக் காட்ட வேண்டும்.

சமீபத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது, ஒரு தொந்தரவும் இல்லாத நேரத்தில் சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று வந்தது. அங்கிருந்தவர் உடனே ஆன்டிபயாட்டிக் எழுத வந்தார். தொந்தரவு இல்லாத கிருமிக்கு இந்த வயதில் மருந்து தேவையில்லை, கொடுத்தால் கிருமிக்கு எதிர்ப்புத் திறன்தான் வளரும் என்று மதுரை மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். க்ரீம் டியூபைப் பொறுத்தவரை, பாதி தீர்ந்ததுமே மருந்துக் கடையில் சொல்லிவைத்துவிடுங்கள். இங்கே வரவழைத்துத் தரத்தான் வேண்டியிருக்கிறது.